ஒட்டே இல்லாத ஒட்டுச்செடிகள்

பதினெட்டு வருடம் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இருநூறு செடி வரைக்கும் கட்டிய காலம் உண்டு. பிடித்தது எத்தனை, கருகியது எத்தனை என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே நாளில் கட்டிய அறுபத்தெட்டுச் செடிகளை மட்டும் மறக்க முடியவில்லை. அவற்றில் ஒன்றில்கூட ஒட்டு கிடையாது. வெறும் நாடாதான் சுற்றியிருந்தேன்.

நர்சரி வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தி பிடிப்பதை யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

1. சேர்ந்த நாள்

சொந்த ஊர் பெரியகுளம் பக்கம். பள்ளிக்கூடம் நின்றதும் அங்கே ஒரு நர்சரியில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் முருகேசனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது. மத்திகிரியில் வாடகைக்கு ஒற்றை அறை. அந்த வரிசையில் ஒரு குடும்பம் திருநெல்வேலி, ஒரு குடும்பம் அரியலூர், வீட்டுக்காரம்மா தெலுங்கு, தண்ணீர் விடுகிறவர் கன்னடம். என் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம்.

கிருஷ்ணகிரி போகும் ரோட்டில் ஒரு மா நர்சரி இருந்தது. ஓனர் பெயர் கோவிந்தப்பா. வேலை கேட்டுப் போன அன்றே கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்.

"பெரியகுளத்துல கட்டுன கையா? இங்க வெயிலு வேற, காத்து வேற. பத்துச் செடி கட்டும்மா. இருவது நாள் கழிச்சு வா, துளிர்க்கிறதைப் பார்த்துட்டுப் பேசலாம்."

இருபது நாள் கழித்துப் போனேன். ஒன்பது துளிர்த்திருந்தது.

"பத்தாவது?"

"அது வேர்க்கன்னே நோஞ்சான் சார். கட்டும்போதே சொன்னேன்."

"ஆமா, சொன்னே," என்று சிரித்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

தொழில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். மாம்பழக் கூழ் போடும் பல்ப் ஃபேக்டரியில் கழித்துப் போடும் மாங்கொட்டைகளை லோடு கணக்கில் வாங்கி வந்து பையில் முளைக்க வைப்போம். அதுதான் வேர்க்கன்று. பென்சில் கனம் வந்ததும் அதன் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல காய்ப்பு மரத்திலிருந்து எடுத்த குச்சியை ஆப்பு மாதிரி சீவி உள்ளே சொருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் மூன்று நாலு வருடத்தில் தாய் மரத்தின் அதே காய் வரும். ஒட்டுக் கட்டாமல் அப்படியே விட்டால் காய்க்க எட்டு வருடம், பத்து வருடம் ஆகும். அதிலும் புளிப்பா, நாரா, எந்தக் காய் வரும் என்று யாருக்கும் தெரியாது.

2. நாடா

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் கோடை மழைக் காற்றில் நிழல் வலை கிழிந்து, கட்டி வைத்திருந்த செடிகளில் பாதிக்கு மேல் அழுகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆர்டர் வந்தது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டு ஓரத்தில் நெல்லிக்கொல்லை என்று ஒரு குடியிருப்பு. முப்பத்துநாலு இருளர் குடும்பங்கள். வீட்டைச் சுற்றி வைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை. பலா வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். பலா வைத்தால் யானை வரும்.

கொய்யாவும் எலுமிச்சையும் இருந்தது. மா ஒட்டு இருந்ததெல்லாம் வழக்கமாக வாங்கும் பெரிய தோட்டக்காரர்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது. ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வசந்தா, அந்தக் கடைசிப் பாத்தியில இருக்கிற வேர்க்கன்னு அறுவத்தெட்டை எடு. நுனியை வெட்டு. ஒரு கீறல் போட்டு நாடா சுத்து. அவங்க வந்து எடுக்க ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள பக்கத்துல துளிரு வந்துடும். ஒட்டு மாதிரியே இருக்கும்."

"சார், அது..."

"மாமரம்தானே? வெச்சா வளரப் போவுது. மத்தவங்களைக் கூப்பிட்டா கை பதறும். நீ கட்டுனா யாருக்கும் தெரியாது."

என் கை சுத்தம் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் உட்கார்ந்து கட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் அறுபத்தெட்டும் முடிந்துவிட்டது. குச்சி சீவுகிற வேலையே இல்லாதபோது வேகமாகத்தானே முடியும்.

3. நெல்லிக்கொல்லை

ஆடி மாதம் செடிகள் வண்டி ஏறின. நடுகிற முறையைச் சொல்லித் தர ஒரு ஆள் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று நிறுவனத்தில் கேட்டார்கள். ஓனர் என்னையே அனுப்பினார். அவர்களுடைய ஃபீல்டு ஆபீசர் தேவராஜ் சார் பைக்கில் முன்னால் போக, நான் டெம்போவில் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். கடைசி நாலு கிலோமீட்டருக்கு ரோடு கிடையாது. ஆட்கள் வந்து செடிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குழிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. அது கல்லு பூமி. கடப்பாரை போட்டு முழங்கால் ஆழம் தோண்டி, எடுத்த கல்லை ஓரமாக வரிசை கட்டி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள் தோண்டியது. முதல் வீடு கெம்பம்மாவுடையது. என் வயதுதான் இருக்கும். கணவர் மாதன், இரண்டு பெண் பிள்ளைகள். பாத்திரம் கழுவும் கல்லுக்கு இரண்டு அடி தள்ளிக் குழி எடுத்திருந்தாள்.

"கழுவுற தண்ணி சும்மாதானே போவுது. அதைக் குடிக்கட்டும்," என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளே யோசித்தது.

முதல் செடியை நட்டு மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது கேட்டாள்.

"எத்தினி வருசத்துல காய்க்கும்க்கா?"

தேவராஜ் சார் பக்கத்தில் நின்றார். சுற்றி இருபது பேர் இருந்தார்கள்.

"நாலு வருசம்," என்றேன்.

கெம்பம்மா விரல் விட்டுப் பார்த்தாள். "நாலு வருசம்னா பெரியவ எட்டாவதுல இருப்பா. அப்ப இஞ்சிக்குப் போவ வேணாம்."

இஞ்சி என்றால் என்னவென்று கேட்டேன். மாசி மாதம் வந்தால் குடியிருப்பில் முக்கால்வாசி வீடு பூட்டிவிடுமாம். குடும்பத்தோடு கர்நாடகா பக்கம் இஞ்சித் தோட்டத்துக்குப் போய், ஆடி மழைக்குத்தான் திரும்புவார்களாம். பிள்ளைகள் பரீட்சை எழுதியதே கிடையாது. மாங்காய் வருவதும் அதே மாதங்களில்தான். வீட்டு வாசலில் இரண்டு மரம் காய்த்தால், அந்த மாதங்களில் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. இதுதான் அவள் கணக்கு.

மீதி வீடுகளுக்கும் போய் நட்டோம். ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நாலு வருசம் என்று சொன்னேன்.

4. சொன்ன நாள்

இரண்டு மாதம் பொறுத்தேன். முருகேசனிடம் சொன்னேன். அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டுவிட்டு, "சொல்லணும்னா போய்ச் சொல்லு. சொல்லிட்டு வந்து உக்காந்து அழாத," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஓனரிடம் போனேன்.

"அடுத்த சீசன்ல நல்ல ஒட்டுச்செடி மாத்திக் குடுத்துடலாம் சார். நான் சம்பளம் இல்லாம கட்டித் தர்றேன்."

"மாமரத்துல மாங்காய் காய்க்காம வாழைக்காயா காய்க்கும்? போய் வேலையைப் பாரும்மா."

தேவராஜ் சாருக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "போட்டோ எடுத்தாச்சு, ரிப்போர்ட் போயாச்சு. இப்ப இதை எடுத்தா என் வேலையும் போகும். விடுங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்துத்தானே நானும் நாடா சுற்றினேன்?

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே பஸ் ஏறிப் போனேன். கெம்பம்மா வீட்டுச் செடி நன்றாகப் பிடித்து, இரண்டு கொழுந்து விட்டிருந்தது. சுற்றி முள் வேலி. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் குனிந்து செடியிலிருந்த நாடாவை அவிழ்த்தேன்.

"பாரு கெம்பம்மா. ஒரு கீறல்தான் இருக்கு. மேலயும் கீழயும் ஒரே பட்டை. இது ஒட்டுச்செடி இல்ல. எல்லா வீட்டுலயும் இதே கதைதான். நான்தான் கட்டினேன். தெரிஞ்சேதான் கட்டினேன்."

ஆட்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜடையன் முன்னால் வந்தார். ஐம்பது வயது இருக்கும். குழி தோண்டும்போது கடப்பாரை பட்டு அவர் கால் விரல் நசுங்கியிருந்தது. அன்றைக்கும் துணி சுற்றித்தான் இருந்தது.

"அப்ப நாலு வருசம்னு சொன்னது?"

"பொய்."

"எத்தினி வருசம்?"

"எட்டு, பத்து. என்ன காய் வரும்னு எனக்கே தெரியாது."

அவர் நேராக வந்து நான் நாடா அவிழ்த்த செடியின் கழுத்தைப் பிடித்தார். பிடுங்கப் போகிறார் என்று தெரிந்ததும் கெம்பம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு மாமா. வேர் பிடிச்சிடுச்சு. ரெண்டு மாசம் ஊத்துல இருந்து தண்ணி தூக்கியிருக்கேன்."

"பிடுங்காதீங்க," என்றேன் நானும். "இதை வீணாக்க வேணாம். இந்தச் செடி மேலயே இங்கயே ஒட்டுக் கட்டலாம். அடுத்த மழைக்குத் தண்டு தேறிடும். நான் வந்து கட்டித் தர்றேன். எல்லா வீட்டுக்கும்."

"நீ தொட வேணாம்," என்றார் ஜடையன். "என் வாசல்ல ரெண்டு செடி இருக்குது. அதும்பக்கம் நீ வரவே வேணாம்." திரும்பி நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கெம்பம்மா மட்டும் நின்றாள். கிளம்பும்போது தண்ணீர் கொடுத்தாள்.

"நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வெச்சாச்சு, தண்ணி ஊத்துறது எங்க வேலை," என்றாள். "ஆனா வந்தா வெறுங்கையோட வராத."

திங்கட்கிழமை நர்சரிக்குப் போனால் கேட்டிலேயே ஓனர் நின்றுகொண்டிருந்தார். விஷயம் தேவராஜ் சார் மூலமாக வந்துவிட்டது.

"ஏம்மா, சோறு போட்ட எடத்துக்கே இப்படிப் பண்ணிட்டியே?"

"நீங்க சொன்னீங்க, நான் கட்டினேன் சார். ரெண்டு பேர் தப்பும்தான். என் பங்கை நான் சொல்லிட்டேன்."

அதோடு அந்த வேலை முடிந்தது. ஒரு மாதம் கழித்து ஓசூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா பாலிஹவுஸ் ஒன்றில் சேர்ந்தேன். பூ அறுவடை, கிரேடிங், நடுவில் கொஞ்சம் மொட்டு ஒட்டு. ஞாயிறு லீவு தருவார்களா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சேர்ந்தேன்.

5. எந்தக் காய்

அந்தக் கோடையில் நெல்லிக்கொல்லையில் வழக்கம்போல வீடுகள் பூட்டின. கெம்பம்மா போகவில்லை. மாதனை மட்டும் அனுப்பிவிட்டு, தன் செடிகளுக்கும் பூட்டிக் கிடந்த எட்டு வீட்டுச் செடிகளுக்கும் ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மீதி வீட்டுச் செடிகளை ஊரில் தங்கிய மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நடை போய் வர முக்கால் மணி நேரம். மாதம் ஒரு ஞாயிறு நான் போய்ச் சேர்ந்து தூக்குவேன். அவள் மூன்று நடை போகும்போது நான் இரண்டு நடை போவேன். ஆடியில் எண்ணிப் பார்த்தோம். அறுபத்தெட்டில் ஐம்பத்தொன்று உயிரோடு இருந்தது.

இனி குச்சி வேண்டும். நான் மல்கோவா கட்டலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். செய்த தப்புக்கு இருப்பதிலேயே ஒசத்தியான பழத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஓர் எண்ணம். கெம்பம்மாவிடம் சொன்னபோது கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"அது எத்தினி காய்க்கும்?"

"கொஞ்சமாத்தான் காய்க்கும். ஆனா ருசி."

"ருசியை யாருக்கா கேட்டது? நாலு கிலோமீட்டர் தலையில தூக்கினு இறங்கணும். அப்புறம் பஸ்ஸு. அடிபட்டாலும் கறுக்காத காய் எது?"

"பெங்களூரா. தோல் தடிப்பு. கூழ் போடுறவங்களும் வாங்குவாங்க."

"அதைக் கட்டு."

இன்னொரு பெண், சீசன் தொடக்கத்தில் வருகிற காய் ஒன்று வேண்டும், அப்போதுதான் சந்தையில் போட்டி இருக்காது என்றாள். அதற்குச் செந்தூரா. வீட்டுக்கு ஒரு பெங்களூரா, ஒரு செந்தூரா என்று முடிவானது. பதினைந்து வருடமாக நர்சரிக்கு வருகிற தோட்டக்காரர்களில்கூட இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் நாகராஜ் அண்ணன் என்று ஒரு விவசாயி. நர்சரியில் வேலை பார்த்தபோது பழக்கம். அவர் தோட்டத்தில் இரண்டு ரகமும் நல்ல காய்ப்பு. கேட்டேன்.

"குச்சிதானே, வெட்டிக்கோம்மா. ஆனா என்கிட்ட பன்னெண்டு நாட்டு மரம் காய்க்காம நிக்குது. அதையெல்லாம் நீதான் மாத்திக் கட்டித் தரணும்."

ஒத்துக்கொண்டேன். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னால் போய், எடுக்க வேண்டிய குச்சிகளில் இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட்டு வந்தேன். அப்போதுதான் நுனி மொட்டு உப்பும். பத்து நாள் கழித்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிப் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, வெறகா?"

"மாமரம் சார்."

"எத்தினி மரம்?"

"அம்பது இருக்கும்."

"அம்பது மரத்தை மடியில வெச்சினு வர்றியா," என்று சிரித்துவிட்டு, நனையாத இடமாக இன்ஜின் பக்கத்தில் வைக்கப் போனார். சூடு படக் கூடாது என்று சாக்கை மறுபடி மடிக்கே வாங்கிக்கொண்டேன்.

6. கருகியது

முதல் ஞாயிறு இருபத்திரண்டு செடி கட்டினேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாலுதான் பச்சையாக இருந்தது. மீதியெல்லாம் நெருப்பில் காட்டிய மாதிரி கறுத்துப் போயிருந்தது. ஜடையன் அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கை அப்படித் தோற்றதே கிடையாது. கெம்பம்மா கருகிய குச்சி ஒன்றை உருவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க நர்சரியில இதுக்கு மேல இன்னா இருக்கும்?"

"நிழல் வலை."

"இங்க வானம்தான் இருக்குது," என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். பல வருடம் வலைக்குக் கீழேயே உட்கார்ந்து கட்டியவளுக்கு வெயில் என்ற ஒன்று இருப்பதே மறந்து போயிருந்தது. பெண்கள் காட்டு ஓரத்திலிருந்து ஈச்சந்தழை வெட்டி வந்தார்கள். ஒவ்வொரு செடிக்கும் மேற்கே மூன்று தழையைச் சாய்த்து நட்டு, சின்னக் குடிசை மாதிரி முடைந்தார்கள். நான் டவுனிலிருந்து குச்சி ஐஸ் போடுகிற பாலிதீன் உறைகளை வாங்கிப் போய், கட்டிய குச்சிக்குத் தொப்பி போல மாட்டினேன். உள்ளே ஈரம் நிற்கும். கருகிய செடிகளிலும் கீழே நல்ல தண்டு மிச்சம் இருந்தது. இரண்டு அங்குலம் இறக்கி வெட்டி, மறுபடி கட்டலாம்.

மறுபடி கட்ட மறுபடி குச்சி வேண்டும். ஞாயிறு தவிர எனக்கு லீவு கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தேவராஜ் சார் போன் செய்தார். ஒரு வருடமாகப் பேச்சே கிடையாது.

"கெம்பம்மா சொன்னாங்க. அந்தத் தோட்டம் எங்கன்னு சொல்லுங்க, நான் பைக்குல எடுத்துட்டு வந்துடறேன்," என்றார். அடுத்த ஞாயிறு காலையில் ஈரச் சாக்கோடு வந்து நின்றார். நான் கட்டக் கட்ட அவர் உறை மாட்டிக்கொண்டே வந்தார்.

அன்றைக்குக் கெம்பம்மா, "கத்தியைக் குடு," என்றாள். "ஒவ்வொரு தடவையும் நீ மத்திகிரியில இருந்து வரணுமா?" முதல் செடியில் சீவிய ஆப்பு கோணலாக வந்தது. மூன்றாவதில் நேராகிவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் நான் கட்டியதும் அவள் கட்டியதும் சேர்த்து நாற்பத்தொரு செடி துளிர்த்தது. அதில் எது யார் கட்டியது என்று நாடாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

7. காய்

இரண்டாம் வருடமே சில செடிகள் பூத்தன. பூவைக் கிள்ளிப் போடச் சொன்னேன். இல்லையென்றால் மரம் தேறாது. கெம்பம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "முதல்ல ஒட்டு இல்லாத செடி குடுத்தே. இப்ப பூ விட்டதையும் கிள்ளுன்றே," என்று சத்தம் போட்டாள். ஆனால் கிள்ளினாள். கிள்ளாமல் விட்ட வீடுகளும் உண்டு. அந்த மரங்கள் அடுத்த வருடம் சோர்ந்து நின்றதைப் பார்த்த பிறகு நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒட்டுக் கட்டி மூன்று வருடம் முடிந்த சித்திரையில் காய் இறங்கியது. ஒரே மரத்தில் குவிந்துவிடவில்லை. ஒரு கூடை, இரண்டு கூடையாக வாரா வாரம் வந்தது. பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி, தேன்கனிக்கோட்டைச் சந்தைக்குப் போனார்கள். அந்த வருட மாசியில் பதினோரு வீடு பூட்டவில்லை. கெம்பம்மாவின் பெரிய பெண் முழு வருடப் பரீட்சை எழுதினாள். நான் முதலில் சொன்ன நாலு வருடத்துக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது. அவள் ஒன்பதாவதுக்குப் போகும் நேரம். யானையும் வரத்தான் செய்தது. இரண்டு மரத்தை முறித்தது. அந்த வீட்டுக்காரர்கள் திரும்பவும் கொட்டை போட்டார்கள். ஒட்டுக் கட்டக் கெம்பம்மா இருந்தாள்.

ஜடையன் வீட்டு மரங்கள் இரண்டும் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக வளர்ந்திருந்தன. நல்ல இலை, நல்ல நிழல். ஒரு பூ கிடையாது. அடுத்த வருட மாசியில் நான் போயிருந்தபோது அவரே கெம்பம்மா வீட்டுக்கு வந்தார். ஐந்து வருடத்தில் என்னிடம் பேசிய இரண்டாவது பேச்சு அது.

"இப்ப கட்ட முடியுமா?"

"முடியும். ஆனா தலையை வெட்டணும். இடுப்பு உயரத்துக்கு மொட்டையா நிக்கும். மூணு மாசம் கழிச்சு வர்ற துளிர்லதான் கட்டணும்."

"மொத்தத் தலையுமா?"

"மொத்தமும்."

அவர் வாசலுக்குப் போனோம். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். அவரைவிட இரண்டு மடங்கு உயரம். வீட்டுக்குள் நிழல் விழுந்துகொண்டிருந்தது. அவர் மனைவி வாசலில் நின்று, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். எனக்கும் சொல்லத் தயக்கமாக இருந்தது. முன்பு ஒரு தடவை இதே வாசலில் பொய் சொன்ன வாய்தானே இது?

"பிடிக்காமலும் போகலாம் மாமா," என்றேன். "பத்துல ஒண்ணு ரெண்டு போகும். உறுதியா என்னால சொல்ல முடியாது."

"அன்னைக்கு உறுதியாச் சொன்னே," என்றார்.

"ஆமா. அன்னைக்குச் சொன்னேன்."

அவர் உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்தார். என்னிடம் கொடுக்கவில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டார். நான் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அவரே அறுத்தார். இரண்டாவது மரத்தையும் அறுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வெட்டு வாயில் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினோம். ஆவணியில் நானும் கெம்பம்மாவும் ஆளுக்கு ஒரு மரமாகக் கட்டினோம். பதினாறு துளிரில் பதினாலு பிடித்தது. வேர் ஏற்கெனவே பலமாக இருந்ததால் மூன்றாம் வருடமே கூடை கூடையாகக் காய்த்தது. அந்தக் குடியிருப்பில் இன்றைக்கும் அவர் மரத்துக் காய்தான் பெரிசு என்று கெம்பம்மாவே ஒத்துக்கொள்கிறாள்.

பிறகு நான் வேறு இரண்டு நர்சரிகளில் வேலை பார்த்தேன். ஒன்றில் மேஸ்திரியாகவும் இருந்தேன். சேருகிற பெண்களுக்குக் கத்தியைத் தீட்டுவது, ஆப்புச் சீவுவது, நாடாவைக் கீழிருந்து மேலே சுற்றுவது எல்லாம் சொல்லித் தந்திருக்கிறேன். அதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். நான் தொழில் கற்றுக்கொண்டது பெரியகுளத்தில் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அங்கே கட்டக் கற்றுக்கொண்டேன். கட்டிய செடி யார் வாசலுக்குப் போகிறது, அதற்கு யார் தண்ணீர் தூக்குகிறார்கள், அதை நம்பி யார் எந்த ஊருக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்பதை நெல்லிக்கொல்லையில்தான் கற்றுக்கொண்டேன்.

தப்பான வேலையைச் செய்ய எனக்கு அரை நாள் ஆனது. ஒத்துக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சரி செய்ய எட்டு வருடம் ஆனது. உங்களிடம் யாராவது, நீ கட்டினால் யாருக்கும் தெரியாது என்று சொன்னால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் பஸ் ஏறுங்கள்.